ஆறு தடவை செத்த மால்சுன்

கொரியாவின் இஞ்சோன் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் சூப்புக்கடை வைத்திருக்கும் ஹா மால்சுன் இதுவரை ஆறு தடவை செத்திருக்கிறாள். ஆறும் சினிமாவில். ஆறு தடவையும் கறுப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள் இருந்துகொண்டு, வாயெல்லாம் பல்லாக, அழ வந்தவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அந்த ஆறில் ஒன்றிலும் உயிரோடு தலைகாட்டியதில்லை.

"நடிக்கத் தெரிஞ்சவ ஆயிரம் பேர் இருப்பா. சாகத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்" என்பாள். சொல்லிவிட்டுக் கரண்டியால் பானை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். அதற்கு மேல் அந்தப் பேச்சில் யாரும் எதிர்வாதம் செய்யக் கூடாது என்று அர்த்தம்.

அவள் கடைச் சூப்பு, முந்தின நாள் சோஜு குடித்து மண்டை பிளந்தவனைக் காலையில் மறுபடி மனுஷனாக்குகிற சூப்பு. மாட்டெலும்பு, ரத்தக்கட்டி, வெயிலில் காய்ந்த முட்டைக்கோஸ் இலை. கப்பலில் சரக்கு இறக்குகிறவர்கள், டாக்சிக்காரர்கள், மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள், எல்லோருக்கும் அவள் சித்தி. "சித்தி, இன்னொரு கிண்ணம் சோறு!" என்று யாராவது கத்தினால், "உன் வயித்துல கிணறா வெட்டி வெச்சிருக்கே?" என்று திருப்பிக் கத்துவாள். திட்டு முடிவதற்குள் சோறு மேசைக்கு வந்துவிடும்.

காங்வோன் மலையில் ஒரு நிலக்கரி ஊரில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். பெண் போதும், இதோடு முடியட்டும் என்று அப்பன் வைத்த பெயர்தான் மால்சுன். தமிழ்நாட்டுப் பக்கம் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே ரகம். போதும் என்று சொல்லி வைத்த பெண்ணை நாடே திரும்பிப் பார்க்கிற நாள் வரும் என்று அந்த மனுஷன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

அது நடந்தது டைரக்டர் தாக் மின்சூவால்.

மின்சூ முதல் படம் எடுக்கக் கிளம்பிய காலம் அப்படிப்பட்ட காலம். நாடே கடனில் மூழ்கி, ஜனங்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அரசாங்கத்திடம் கொடுக்க வரிசையில் நின்ற குளிர்காலம். அந்த நேரத்தில் ஒருவன் சினிமா எடுக்கிறேன் என்று கிளம்பினால் அவனைப் பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் சந்தும் அதைத்தான் சொன்னது. ஒழுகுகிற மூக்கும் தொப்பியுமாக, இருபத்தொன்பது வயதில், நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு எங்கள் சந்திலேயே படம் பிடித்தான். மூன்று வேளையும் மால்சுன் கடையில்தான் சாப்பாடு.

ஒரு நாள் காலை சாப்பிட உட்கார்ந்தவன் சாப்பிடவில்லை. அன்றைக்குச் சாவு வீட்டுக் காட்சி. கதாநாயகனுடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் எல்லோரும் விழுந்து வணங்க வேண்டும். அந்தப் படத்துக்குத் தன் முகத்தைத் தருவதாகச் சொன்ன நடிகையை ஜோசியக்காரி ஒருத்தி பயமுறுத்திவிட்டாள். நடிகை போட்டோவையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். தலை வணங்க ஆள் இருக்கிறது, வணங்கப்பட ஆள் இல்லை.

அப்போது அவன் கண்ணில் பட்டது கல்லாப்பெட்டிக்கு மேல் தொங்கிய போட்டோ. சந்தை வியாபாரிகள் பாட்டுப் போட்டியில் மால்சுன் ஆறுதல் பரிசாக அரிசிக் குக்கர் வாங்கிய அன்றைக்கு எடுத்தது. குக்கர் கிடைத்த சந்தோஷம் முகத்தில் அப்படியே நின்றது.

"அக்கா, அந்தப் போட்டோல இருக்கறது நீங்களா?"

"இல்ல, மகாராணி. கண்ணு தெரியலையா உனக்கு?"

"ஒரே ஒரு நாள் குடுங்கக்கா. படத்துல வெக்கணும்."

"கதாநாயகியாவா?"

மின்சூ பொய் சொல்லத் தெரியாதவன். "கதாநாயகனோட அம்மாவா. செத்துப்போன அம்மா."

மால்சுனின் புருஷன் தோக்பே, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வாயில் இருந்த முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கீழே வைத்தார். "ஹேரிம் அம்மா, வேணாம். விளையாட்டுக்குக்கூட வேணாம்."

மின்சூ சொன்னான்: "சாவுப் போட்டோவை முன்கூட்டியே எடுத்து வெச்சா ஆயுசு கூடும்னு பெரியவங்க சொல்வாங்களேக்கா. எல்லாருக்கும் அறுபதுல கிடைக்கற ஆயுசு உங்களுக்கு முப்பத்துநாலுலயே கிடைக்குதே."

அந்த வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். ஸ்டூல் மேல் ஏறித் தானே போட்டோவைக் கழற்றித் துணியால் துடைத்துக் கொடுத்தாள். "நல்லா வெளிச்சம் போட்டு எடு தம்பி. செத்தாலும் அழகா சாகணும்."

படம் முடிந்து, சியோலில் ஒரு சின்னத் தியேட்டரில் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மால்சுன் புருஷனையும் ஆறு வயது மகள் ஹேரிமையும் அழைத்துக்கொண்டு போனாள். படம் மெதுவாகப் போயிற்று. மால்சுனுக்கு அடிவயிறு முட்டியது. "இதோ வந்துடறேன்" என்று அவள் எழுந்து போன அதே நேரத்தில், திரை முழுக்க அவள் முகம் வந்தது. கறுப்பு நாடா, வெள்ளைச் செவ்வந்தி, ஊதுபத்திப் புகை, அழுகை.

குழந்தை திரையைப் பார்த்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. நாற்காலி காலி.

தோக்பே பிடிப்பதற்குள் ஹேரிம் வழியில் விழுந்தடித்து ஓடி, திரையைக் கையால் அறைந்து அறைந்து அம்மா அம்மா என்று அலறினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மால்சுன் உள்ளே வந்தபோது, படத்திலும் அழுகை, தியேட்டரிலும் அழுகை. குழந்தையைத் தூக்கினாள். குழந்தை அவள் முகத்தைத் தடவிப் பார்த்தது, பிறகு அவள் கையைப் பல் பதியக் கடித்தது.

இந்தக் கதையை மால்சுன் கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "உயிரோட வந்தேன்னு சந்தோஷப்பட்டிருப்பான்னு நினைச்சீங்களா? கடிச்சாய்யா! பல்லு அச்சு ஒரு வாரம் இருந்துச்சு!" என்று முழங்கையைத் தூக்கிக் காட்டுவாள். கடை குலுங்கும். ஹேரிம் அந்த நேரத்தில் கடையில் இருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். பெண்ணுக்குக் கூச்சம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

படம் ஓடவில்லை. ஆனால் அந்த வருஷத்துச் சிறந்த புதிய டைரக்டர் என்று மின்சூவுக்கு ஒரு பரிசு கிடைத்தது. அது போதாதா? இரண்டாவது படத்தில் ஒரு மனைவி செத்திருந்தாள். போட்டோ கேட்டு வந்தான். படம் தேசம் முழுக்க ஓடியது. மூன்றாவதில் ஒரு கடைக்காரனின் அக்கா. படத்துக்குச் சிறந்த டைரக்டர் விருது. நான்காவதில் சாவே கிடையாது. இருந்தாலும் ஒரு வீட்டில் மூதாதைக்குப் படையல் போடுகிற மாதிரி ஒரு காட்சியை நுழைத்து, அங்கே அவளை உட்கார வைத்துவிட்டான். அந்த வருஷ விருது மேடையில், கோட்டு சூட்டோடு நின்று, நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, "எனக்காக ஒவ்வொரு படத்திலயும் செத்துக்குடுக்கற எங்க அக்காவுக்கு நன்றி" என்றான். எங்கள் சந்தில் அன்றைக்கு எழுந்த கூச்சலுக்குத் துறைமுகத்துக் கடற்பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன. மால்சுன் அன்று வந்த எல்லோருக்கும் சூப்பு இலவசம் என்று அறிவித்து, தோக்பேயின் முறைப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாவது படத்துக்குப் பணம் போட்டவர்கள் பெரிய இடம். மூடநம்பிக்கை எல்லாம் நம்மிடம் ஆகாது என்று சொல்லி, மால்சுனின் போட்டோவை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரத்தின் போட்டோவை வைத்தார்கள். படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அதைச் சினிமாக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதல் நாள் பன்றித் தலையை வேகவைத்து மேசையில் வைத்து, அதன் வாயில் நோட்டைச் செருகி, கேமராவைக் காட்டிப் பூசை போடுகிற கூட்டம் அது. ஆறாவது படத்துப் பூசையில் பன்றித் தலைக்குப் பக்கத்தில் மால்சுனின் போட்டோவும் ஏறிவிட்டது. பெரிய பெரிய நடிகர்கள் எல்லாம் இரண்டுக்கும் சேர்த்துக் கும்பிட்டார்கள். ஆறாவது படத்துக்கு வெளிநாட்டு விழாவில் நடுவர் பரிசு. ஏழாவதுக்கு அந்த விழாவிலேயே முதல் பரிசு. மின்சூ விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து கோப்பையை மேசையில் வைத்தான். தோக்பே அதைத் தூக்கிப் பார்த்து, "கிம்ச்சிப் பானை மேல வெக்க நல்ல கனம்" என்றார்.

அதற்குப் பிறகு ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இந்த ஒரே முகத்தைக் கண்டுபிடித்தவர்கள். கதவைத் திறந்ததும் ஒரு நொடி திகைத்து நிற்பார்கள். "என்ன, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறே? உட்காரு. செத்தவ கையால சாப்பிட்டா போதை சீக்கிரம் தெளியும்" என்பாள். அறுபது வயதில் அப்படி ஒரு மிடுக்கு. எமதூதன் கறுப்புத் தொப்பியோடு வந்தால்கூட, பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இவள் ஆறு தடவை வந்துவிட்டாளே என்று திரும்பிப் போய்விடுவான் என்பது அவள் கணக்கு.

ஹேரிம் மட்டும் அந்த டைரக்டரின் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. முதல் படத்துக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பள்ளியில் அவளை "செத்தவ பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். வளர்ந்து, மெட்ரோ ரயில் ஓட்டுநராகி, தனி வீடு பார்த்துக்கொண்டு போனாள். வேலை முடிந்து தினமும் ஒரு தடவை கடைக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். மின்சூவின் கார் வாசலில் நின்றால் அப்படியே திரும்பிவிடுவாள். "இந்தப் பொண்ணுக்கு என்ன வீம்போ" என்று மால்சுன் சொல்வாள். ஒவ்வொரு படத்துக்கும் மகளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வைப்பாள். அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை. அதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அவளுக்கு அறுபது ஆன வருஷம் சியோலில் தாக் மின்சூவின் சினிமா வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சி திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் விருதுகள், அவன் கையால் வரைந்த காட்சிப் படங்கள், முதல் படத்தில் போட்டிருந்த தொப்பி. கடைசி அறையில் ஒரு சாவு வீடு. நிஜப் படத்தில் இருந்த மாதிரியே செவ்வந்தி, ஊதுபத்தி, நடுவில் கறுப்பு நாடாவோடு மால்சுன். கீழே ஒரு பலகையில் அவள் பெயர். திறப்பு விழாவன்று அதற்குப் பக்கத்தில் நின்று அவள் போட்டோ எடுத்துக்கொள்ளாத ஆள் பாக்கியில்லை.

எங்கள் ஜனங்களுக்குச் சாவுப் போட்டோ முன்னால் நின்றால் முதுகு தானாக வளையும். உயிரோடு இருப்பவருக்கு ஒரு வணக்கம், செத்தவருக்கு இரண்டு. அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கண்காட்சிக்கு மால்சுனின் பிறந்த ஊர்ப் பள்ளித் தோழர்கள் சங்கத்துச் செயலாளர் பேரக்குழந்தைகளோடு போயிருக்கிறார். அவர் சினிமா பார்க்காத மனுஷன். கூடப் படித்த மால்சுனின் முகம், நாடா, பூ, பெயர். அங்கேயே இரண்டு தடவை விழுந்து கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைபேசியில் சங்கத்துக்கு எல்லாம் செய்தி அனுப்பிவிட்டார். சங்கத்தில் யார் செத்தாலும் தாமதிக்காமல் பூவளையம் அனுப்புவது அவர் பெருமை. சடங்கு எந்த மருத்துவமனையின் சாவு மண்டபத்தில் என்று தெரியாததால் கடை விலாசத்துக்கே அனுப்பினார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, மால்சுன் கடையைப் பூட்டிவிட்டுப் பொதுக் குளியல்கூடத்துக்குப் போயிருந்தாள். தோக்பே கறுப்பு வெள்ளைக் காய் வைத்துப் படுக் ஆட்டம் ஆடப் போயிருந்தார். பூக்கடைக்காரன் வந்தான், கதவைத் தட்டினான், யாரும் இல்லை. ஆள் உயரப் பூவளையத்தை வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சீருடையோடு ஹேரிம் சந்து திரும்பினாள். பூட்டிய கடை. வாசலில் மூன்றடுக்கு வெள்ளைச் செவ்வந்தி. தொங்கிய நாடாவில், மறைந்தவரின் ஆன்மா சாந்தியடையட்டும் என்ற வரியும், அம்மா படித்த பள்ளியின் பெயரும். அம்மாவுக்குப் போன் போட்டாள். பூட்டிய கடைக்குள்ளே மணி அடித்தது. கல்லாப்பெட்டிப் பக்கத்தில் சார்ஜில் போட்டது போட்டபடி அடித்துக்கொண்டே இருந்தது.

மால்சுன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்க, பாடிக்கொண்டே சந்துக்குள் வந்தாள். தூரத்திலிருந்தே பூவளையத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இது எவன் வேலைடா!" என்று கத்தப் போனவள், பூவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த மகளைக் கண்டாள். ஒரு காலில் செருப்பு இல்லை. காதில் வைத்த போன் வைத்தபடி.

"ஹேரிம்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவை, ஈரத் தலையை, கையிலிருந்த குளியல் கூடையை. முகத்தில் இருந்தது ஆறு வயதுக் குழந்தையின் முகம். அந்த முகத்தை மால்சுன் ஆயிரம் தடவை கடையில் நடித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

குளியல் கூடையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "கடி. அன்னிக்குக் கடிச்ச மாதிரி நல்லாக் கடிச்சிரு."

"கடிச்சா சரியாயிடுமா?" என்றாள் ஹேரிம். "அன்னிக்குக் கடி வாங்கினது மட்டும்தானே நீ எல்லார்கிட்டயும் சொல்றே. அந்த நாற்காலி காலியா இருந்ததை நீ சொன்னதே இல்லியே."

மால்சுன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"தினம் ஏன் கடைக்கு வரேன்னு நினைச்சே? சூப்புக் குடிக்கவா? நீ இருக்கியான்னு பாக்க வரேன். இருபத்தாறு வருஷமா தினமும் பாக்கறேன்."

மால்சுன் மகளின் இன்னொரு செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டினாள். பிறகு உள்ளே போய், போனை எடுத்து, சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"நான் மால்சுன்."

"எந்த... எந்த மால்சுன்?"

"நீ பூ அனுப்புனியே, அந்த மால்சுன்தான். வாசல்ல வழி மறைக்குது. ஆளனுப்பி எடுத்துக்க."

அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே அவள் ஒரு வருஷம் கடையைக் கலகலக்க வைத்திருப்பாள். அன்று போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். கடித்த கதையை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மின்சூ வந்தான். ஒரு பெட்டி மஞ்சள் முலாம்பழம் வாங்கிக்கொண்டு, எட்டாவது படத்தின் பூசைக்கு அழைக்க. தலை நரைத்துவிட்டது, தொப்பி மட்டும் மாறவில்லை. ஹேரிம் அன்று கடையில் இருந்தாள். வழக்கம்போல மாடிக்குப் போகவில்லை. முள்ளங்கி நறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அக்கா, அடுத்த வாரம் பூசை. போட்டோவை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"தர முடியாது தம்பி."

மின்சூ சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, பூ வந்த விஷயம் கேள்விப்பட்டேன். மன்னிச்சிடுங்க. கண்காட்சியில அந்த ரூமை மூடச் சொல்லிட்டேன். ஆனா படம்... அஞ்சாவது படத்துக்கு என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். இது என் வாழ்க்கையிலயே பெரிய படம். முந்நூறு பேரு சாப்பாடு இதுல இருக்கு."

"ஏய்யா, வெளிநாட்டுக்காரன் கையால முதல் பரிசு வாங்கினவன் நீ. அரிசிக் குக்கர் வாங்கினவ மூஞ்சி இல்லாம உன்னால ஒரு படம் எடுக்க முடியாதா?" தோக்பே மூலையிலிருந்து கேட்டார்.

"சும்மா இருங்க ஹேரிம் அப்பா." மால்சுன் மேசைக்கு வந்து மின்சூ எதிரில் உட்கார்ந்தாள். "தம்பி, சாவு வீட்டுல ஒரு போட்டோ வேணும், அவ்வளவுதானே? இந்தத் தடவை உன் போட்டோவை வை."

மின்சூ நிமிர்ந்தான்.

"முன்கூட்டியே வெச்சா ஆயுசு கூடும். நீதானே சொன்னே? நான் வெச்சேன், கல்லு மாதிரி இருக்கேன். உனக்கு ஆயுசு வேணாமா?"

பெரிய டைரக்டரின் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். கடையில் இருந்த டாக்சிக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் குரல் தாழ்த்திச் சொன்னான்: "எங்கம்மா இன்னும் இருக்காங்கக்கா. என் எல்லாப் படத்துக்கும் வந்து முதல் வரிசையில உட்கார்ந்துடுவாங்க. அதை எப்படி அவங்க..."

கத்திச் சத்தம் நின்றது. ஹேரிம் முள்ளங்கியை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மால்சுன் கேட்டாள்: "அம்மா பாக்கக் கூடாது. பொண்ணு பாக்கலாமா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவள் தனக்கும் சேர்த்துத்தான் அதைக் கேட்டாள். மின்சூ ஹேரிம் பக்கம் திரும்பினான். முதல் படத்தின் திரையை அறைந்த குழந்தையை அவனும் அன்று பார்த்திருக்கிறான். பின் வரிசையில் நின்றுகொண்டு, படம் அவ்வளவு உருக்கமாக இருக்கிறது என்று மகிழ்ந்து போயிருந்தான். அதையும் அவன் இப்போது சொன்னான். சொல்லிவிட்டுத் தலை குனிந்தான்.

ஹேரிம் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, சோற்றோடு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள். அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சாப்பிட்டு முடித்தபோது மின்சூ மறுபடி பழைய மின்சூ ஆகிவிட்டான். வாயைத் துடைத்துக்கொண்டே, "சரி. என் போட்டோவையே வெக்கறேன். ஆனா அக்கா படத்துல இல்லாம முடியாது. உயிரோட வாங்க" என்றான்.

"வரேன். ஆனா சொன்னதைச் சொல்ற பொம்மையா எல்லாம் இருக்க மாட்டேன்."

பூசைக்கு மால்சுன் உயிரோடு போய்ப் பன்றித் தலைக்குப் பக்கத்தில் நின்றாள். படக்குழுவுக்கு எதைக் கும்பிடுவது என்றே குழப்பம். மின்சூ பழக்க தோஷத்தில் ஒரு தடவை விழுந்து எழுந்து, இரண்டாவது தடவைக்கு முட்டி மடக்கினான். "ஒண்ணு போதும்!" என்று கூட்டத்திலிருந்து ஹேரிம் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹேரிமும் சிரித்தாள்.

அவளுடைய காட்சி சாவு வீட்டுப் பந்தி. சுவரில் நாடா கட்டிய சட்டத்துக்குள் தாக் மின்சூ அசட்டுத்தனமாகச் சிரிக்க, கீழே மால்சுன் உட்கார்ந்து காரச் சூப்பு சாப்பிட வேண்டும். வசனம் கிடையாது. மின்சூ திரும்பத் திரும்ப எடுத்தான். கிண்ணம் கிண்ணமாக மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் பொறுமை போய், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மால்சுன் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி, சட்டத்துக்குள் இருந்த மின்சூவை அண்ணாந்து பார்த்து, "இதுல உப்பே இல்ல. போனதும் போனே, உப்புப் போட ஒருத்தரை வெச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள். மின்சூ அதற்கு மேல் எடுக்கவில்லை. அதுதான் படத்தில் இருக்கிறது.

படம் வந்தது. வெளிநாட்டு விழாவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது. "சொன்னேன்ல, போட்டோ இல்லாம ஆகாதுன்னு" என்று இரண்டு பத்திரிகைகள் எழுதின. மின்சூ கடைக்கு வந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "விருது கிடக்குதுக்கா, வீட்டுல வெக்க இடமில்ல" என்றான். அவன் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இல்லை என்று தோக்பேகூட ஒப்புக்கொண்டார்.

முதல் காட்சிக்கு மால்சுன் இம்முறையும் மூன்று டிக்கெட் வாங்கினாள். மூன்று நாற்காலியும் நிறைந்தன. ஹேரிம் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை முன்னால் மின்சூ ஒரு நரைத்த சிறிய தலைக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் கை அந்த அம்மாளின் கைமேல் இருந்தது.

படம் மெதுவாகப் போயிற்று. மாறாத டைரக்டர். பாதியில் மால்சுனுக்கு அடிவயிறு முட்டியது. அறுபதைத் தாண்டிய உடம்பு, கிளம்பும்போது ஒரு கோப்பை பார்லித் தண்ணீர் வேறு குடித்திருந்தாள். எழுந்து போய்விட்டு வரலாம், சாவு வீடு வர இன்னும் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். அப்போது திரை இருண்டது. செவ்வந்தி தெரிந்தது. ஊதுபத்திப் புகை எழுந்தது.

ஹேரிமின் கை இருட்டில் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண் திரையைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தது.

மால்சுன் இரண்டு முட்டியையும் நெருக்கி வைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். திரையில் அவள் கரண்டியைத் தட்டினாள், உப்பு இல்லை என்றாள், அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆபத்து. ஹேரிம் சிரித்தாள். திரையில் சாப்பிடுகிற அம்மாவையும், பக்கத்தில் வியர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை.

சாவு வீடு முடிந்தது. மால்சுன் நகரவில்லை. கல்யாணம் ஒன்று வந்தது, சண்டை ஒன்று வந்தது, மழை பெய்தது. அந்த மழைதான் அவளை மிகவும் சோதித்தது. கடைசியில் பெயர்கள் ஓடின. பந்தியில் சாப்பிடும் பெண், ஹா மால்சுன் என்று வந்ததை மகள் வாய்விட்டு வாசித்தாள்.

விளக்கு எரிந்ததும் மால்சுன் எழுந்து ஓடினாள். ஹேரிம் பின்னாலேயே வந்து, அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு, கழிப்பறை வாசலில் நின்றாள்.

"அங்கேயே இருக்கியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்மா" என்றாள் ஹேரிம். "மெதுவா வா."